அட்டனிலிருந்து புறாத்தீவு: நீச்சல் தெரியாதவர்கள் படகேறிப் போய்வரும் முறை

திருகோணமலைக்குப் பக்கத்திலுள்ள நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தள்ளிக் கடலுக்குள் இருக்கிறது புறாத்தீவு. பெரியது, சின்னது என்று இரண்டு தீவுகள். கரையில் நின்றாலே பாறைகள் தெரியும். அவ்வளவு பக்கத்தில் இருக்கிற இடத்துக்குப் போய்ச் சேர எங்களுக்கு இரண்டு பயணம் தேவைப்பட்டது. முதல் தடவை டிசம்பரில் போய்க் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். ஜூலையில் போனபோதுதான் தீவில் கால் வைத்தோம்.

வேன் பேசுவது, சீட்டுப் பிடிக்கிற மாதிரி மாதாமாதம் காசு சேர்ப்பது எல்லாம் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கதிர்காமம் போய்வந்த மலையகத் தோட்டத்துச் சனம்தானே நாம். கடல்தான் நமக்குப் புதுசு. அதை மட்டும் சொல்கிறேன்.

1. முதலில் மாதத்தைப் பாருங்கள்

நாங்கள் சறுக்கியது இங்கேதான். பள்ளி விடுமுறை, மழையும் கொஞ்சம் விட்டிருக்கிறது, கிளம்பிவிடலாம் என்று டிசம்பரில் போனோம். விடியற்காலையில் நிலாவெளியில் இறங்கினால் படகுகளெல்லாம் கரைமேல் ஏற்றிக் கிடக்கின்றன. வலை பின்னிக்கொண்டிருந்த ஐயா ஒருவர் எங்கள் பதினாலு பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தம்பி, இப்ப கடல் கத்துது. சித்திரைக்குப் பிறகு வாங்கோ" என்றார். அன்று கோணேசர் கோயிலும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளும்தான் எங்கள் மானத்தைக் காப்பாற்றின. ஏழு கிணறு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. குளிரில் வளர்ந்த பிள்ளைகள் அங்கிருந்து கிளம்பவே மாட்டேன் என்று அடம்பிடித்தார்கள்.

காரணம் இதுதான். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று. அது நம் மலையில் மோதி மழையை இறக்குகிறது. தோட்டத்து லயங்களின் கூரைத் தகரம் ஓயாமல் தடதடக்கிற மாதங்கள். தண்ணீரை நம்மிடம் கொட்டிவிட்டு அதே காற்று காய்ந்துபோய்க் கிழக்குப் பக்கம் இறங்குகிறது. அங்கே அதைக் கச்சான் காற்று என்பார்கள் (கொறிக்கிற கச்சான் வேறு). தரையிலிருந்து கடலைப் பார்த்து வீசுவதால் கரையோரம் அலை அடங்கிக் கிடக்கும். ஆண்டு முடிவில் வாடைக்காற்று கடலிலிருந்து கரைக்கு வீசும். அப்போது எல்லாம் தலைகீழ்.

ஆக, நம் வீட்டில் குடை காயாத மாதம்தான் புறாத்தீவுக்கு நல்ல மாதம். இடுப்பில் கட்டுகிற படங்கும் கையுமாக மழையில் கொழுந்து எடுக்கிற நேரத்தில் கடலுக்குப் போவோம் என்று சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

(பின்சேர்க்கை: பண்டாரவளையிலிருந்து ஒரு தங்கச்சி, "எங்களுக்கு ஜூலையில் மழையே இல்லையே அண்ணா" என்று எழுதியிருந்தார். உண்மைதான். ஊவாப் பக்கம் மலைக்கு மறுபுறம். உங்களுக்கும் அந்தக் காய்ந்த காற்றுதான் வரும். குடைக் கணக்கை விட்டுவிட்டு மே–செப்டெம்பர் என்று மட்டும் நினைவில் வையுங்கள்.)

2. பாதை

இரவு ஒன்பது மணிக்குள் கிளம்பிவிடுங்கள். கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை, கண்டி, மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய், திருகோணமலை. வாந்தி எடுப்பவர்களுக்குக் கண்டி வரைதான் சோதனை. அதன்பிறகு பாதை நேர். ஹபரணையைத் தாண்டினால் காட்டு யானை பாதையைக் கடக்கும். அங்கே வேனை நிறுத்தி "ஒன்றுக்கு" இறங்குகிற வேலை வேண்டாம். எல்லாவற்றையும் தம்புள்ளையில் முடித்துக்கொள்ளுங்கள்.

3. டிக்கட், படகு

இது 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட இடம். 1963இலிருந்தே சரணாலயம். அதனால் வனஜீவராசிகள் திணைக்களத்தில் நுழைவுச்சீட்டு எடுக்க வேண்டும். படகுக் காசு வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்துக் கணக்குப் போட்டுவிடாதீர்கள். அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். ஞாயிறும் போயாவும் (பௌர்ணமி விடுமுறை) சனம் அலைமோதும். ஒருநாள் பேர் (தோட்டத்து நாள்சம்பளம்) போனாலும் பரவாயில்லை என்றால் கிழமை நாளில் போங்கள். முதல் படகிலேயே ஏறிவிடுவது நல்லது. காலையில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், நேரம் போகப்போகக் காற்று கூடும்.

துறையெல்லாம் கிடையாது. முழங்கால் தண்ணீரில் நடந்துபோய்த்தான் ஏற வேண்டும். படகோட்டி சொல்லும்போது ஏறுங்கள், அவசரப்பட்டு நாமாகத் தாவக்கூடாது. கரையில் மாட்டுகிற லைஃப் ஜெக்கட்டை அப்படியே விட்டுவிடாமல் பட்டிகளை இறுக்குங்கள். தளர்வாக இருந்தால் தண்ணீரில் அது மேலே ஏறித் தாடையை இடிக்கும். என் மதினி பாதி நேரம் அதோடுதான் மல்லுக்கட்டினார்.

4. மாஸ்க்: இதை மட்டும் நின்று படியுங்கள்

தீவில் பார்க்க வேண்டியது தண்ணீருக்குக் கீழேதான் இருக்கிறது. அதற்கு மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் வேண்டும். கரையிலேயே வாடகைக்குக் கிடைக்கும். முகம் முழுவதையும் மூடுகிற பெரிய மாஸ்க்கைக் காட்டி "இது லேசு" என்பார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. தண்ணீர் புகுந்தால் சட்டென்று கழற்ற வராது, விட்ட மூச்சும் உள்ளேயே சுற்றுகிறது. கண்ணையும் மூக்கையும் மூடுகிற மாஸ்க், தனிக்குழாய், அவ்வளவு போதும். கால் துடுப்பும் முதல் தடவைக்கு வேண்டாம். நம் கட்டுப்பாட்டில் இல்லாத கால் பவளத்தைத்தான் உதைக்கும்.

வாடகைக்கு எடுக்குமுன் ஒரு சோதனை: பட்டியை மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல உறிஞ்சுங்கள். கையை எடுத்தாலும் ஒட்டிக்கொண்டு நின்றால் அது உங்கள் முகத்துக்கானது. விழுந்தால் அடுத்ததை எடுங்கள்.

நான் சோதித்தேன், ஒட்டியது. தண்ணீரில் குனிந்ததும் மூக்குக்குக் கீழே சொட்டுச் சொட்டாக உப்புத்தண்ணீர் ஏறியது. கழற்றி ஊற்றினேன், மாட்டினேன், மறுபடி ஏறியது. பட்டியை இறுக்க இறுக்க இன்னும் மோசம். கால்மணி நேரம் இந்தப் பாடு. பக்கத்தில் அக்கா மகன் "மாமா, ஆமை! மாமா, ஆமை!" என்று கத்துகிறான், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் படகோட்டித் தம்பி என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். மீசை! மாஸ்க்கின் கீழ் விளிம்பு மீசை முடிமேல் உட்கார்ந்தால் தண்ணீர் கசியத்தான் செய்யும். அவரே கொஞ்சம் வாஸ்லின் எடுத்துவந்து மீசையின் மேல்பக்கம் அப்பினார். அதோடு நின்றது. மீசையை எடுக்க மனமில்லாதவர்கள் ஒரு சின்ன டப்பா கொண்டுபோங்கள். நெற்றி முடி உள்ளே சிக்கினாலும் இதே கதைதான், பெண்கள் கவனியுங்கள்.

கண்ணாடி மங்கினால் உள்பக்கம் எச்சில் துப்பித் தேய்த்து ஒரு தடவை அலசுங்கள். அருவருப்பாகத்தான் இருக்கும், ஆனால் வேலை செய்யும்.

குழாயால் மூச்சுவிடுவதை வீட்டிலேயே பழகலாம். பெரிய பேசினில் வெந்நீர் கலந்து (நம் ஊர்ப் பச்சைத்தண்ணீரில் முகம் விறைத்துவிடும்) முகத்தை வைத்து, வாயால் மட்டும் மெதுவாக இழுத்து விடுங்கள். மாஸ்க் இல்லாவிட்டால் மூக்கைக் கையால் பிடித்துக்கொள்ளலாம். மூக்கு சும்மா இருக்கப் பழக இரண்டு மூன்று நாள் ஆகும். இதைச் செய்யாமல் வந்த மச்சான் முதல் மூச்சிலேயே பதறி எழுந்துவிட்டான்.

(பின்சேர்க்கை: பார்வைக்கண்ணாடி போடுபவர்கள் கேட்டிருந்தீர்கள். அதன்மேல் மாஸ்க் மாட்டினால் காதுக்கம்பி வழியாகத் தண்ணீர் வரும். பவர் போட்ட மாஸ்க் விற்கிறார்கள். கிட்டப்பார்வை கொஞ்சம்தான் என்றால் சும்மாவே பாருங்கள், தண்ணீருக்குள் எல்லாம் சற்றுப் பெரிதாகவும் பக்கத்திலும்தான் தெரியும்.)

5. தண்ணீருக்குள்

கரையெல்லாம் உடைந்த பவளத் துண்டுகள். ரப்பர் பாட்டா கழன்று மிதந்துபோகும். பின்பட்டி வைத்த செருப்புதான் சரி. இடுப்பளவு தண்ணீரில் குப்புற மிதந்தால் போதும், ஜெக்கட் தாங்கிக்கொள்ளும். எழுந்து நிற்க வேண்டுமென்றால் மணல் இருக்கிற இடத்தில் நில்லுங்கள். பவளம் கல் இல்லை, உயிர். மிதித்தால் செத்துவிடும், நம் காலும் கிழியும்.

காது தண்ணீருக்குள் போனதும் ஒரு சத்தம் கேட்கும், சட்டியில் கடுகு பொரிகிற மாதிரி. நான் மழை வந்துவிட்டதென்று தலையைத் தூக்கிப் பார்த்தேன். மலைநாட்டான் புத்தி! அது ஒருவகைச் சின்ன இறால்கள் கொடுக்கைச் சொடுக்குகிற சத்தம். நுனித்துடுப்பு கறுத்த சின்னச் சுறாக்களும் வரும். கூச்ச சுபாவம், நம்மைக் கண்டால் விலகிப்போகும். துரத்தாமல், சாப்பாடு போடாமல் இருந்தால் போதும்.

வெயில் நமக்குப் பழக்கமில்லாத வெயில். கிரீம் பூசுவதைவிட நீளக்கை பெனியன் நல்லது, சில கிரீம்கள் பவளத்துக்கும் ஆகாது. பொலித்தீன் பை வேண்டாம். ரொட்டியும் கட்டச்சம்பலும் மூடிபோட்ட டப்பாவில் வையுங்கள். பெயர் தந்த மாடப்புறாக்களைப் பார்க்க வேண்டுமென்றால் பாறைப்பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் இருங்கள். பிள்ளைகள் கூட இருந்தால் அது நடக்காது.

6. வீட்டுக்கு வந்தபிறகு

சொந்த மாஸ்க் வாங்கியிருந்தால் அன்றிரவே நல்ல தண்ணீரில் அலசுங்கள். உப்பு காய்ந்தால் பட்டி வெடித்துவிடும். நம் ஊர் மழைக்குள் அது காயவும் காயாது, இரண்டே வாரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். அதற்காக என்னைப்போல அடுப்புக்கு மேலே கம்பியில் தொங்கவிடாதீர்கள். என் மாஸ்க் இப்போது கருவாடு மாதிரி மணக்கிறது. துணியால் துடைத்து, சீலிங் அருகே காற்றுப்படும் இடத்தில் நிழலில் விட்டால் போதும்.