அஞ்சு பந்து வந்துவிட்டது, மேடை ஏறலாமா?

கல்யாண ரிசப்ஷன், பிறந்தநாள், பள்ளி ஆண்டுவிழா என்று சென்னையில் ஜக்லிங் செய்வதுதான், அதாவது பல பந்துகளைக் கீழே விடாமல் மாற்றி மாற்றி வீசிப் பிடிப்பதுதான், என் பிழைப்பு. பெசன்ட் நகர் கடற்கரையில் பழக வரும் தம்பிகள் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, அஞ்சு பந்து வந்துடுச்சு, ஷோ பண்ணலாமா?" பண்ணலாம். ஆனால் மூன்று பந்தோடு போ என்பேன்.

மண்டபத்தில் யாரும் பந்தை எண்ணுவதில்லை. 2012-இல் பிரிட்டனைச் சேர்ந்த அலெக்ஸ் பாரன் 11 பந்துகளை வீசி 23 முறை பிடித்தார். சில நொடிகளில் முடிந்துபோகும் அந்தச் சாதனையைப் பார்த்து வாயைப் பிளப்பவர்கள் நம்மைப் போன்றவர்கள்தான். பந்திக்குக் கிளம்பும் பெரியப்பாவை அது உட்கார வைக்காது. ஜெர்மனியின் பிரான்சிஸ் புருன் (1922–2004) எத்தனையோ பொருள்களைச் சுழற்றியவர்; பிற்காலத்தில் ஒரே ஒரு பந்தை வைத்துக்கொண்டு அரங்கைக் கட்டிப்போட்டார்.

அதற்காகப் பயிற்சி வேண்டாம் என்று அர்த்தமில்லை. கை தானாக ஓடினால்தான் கண்ணுக்கு விடுதலை. கண் பந்திலேயே இருந்தால் கூட்டம் உங்களை விட்டுவிடும். எந்த வித்தையை மேடைக்குக் கொண்டுபோகலாம் என்பதற்கு என்னிடம் ஒரு சோதனை உண்டு. அதைச் செய்துகொண்டே உங்கள் வீட்டு முகவரியைப் பின்கோடு வரை சொல்லுங்கள். திக்காமல் வந்தால் மேடைக்கு; திக்கினால் இன்னும் கடற்கரையிலேயே கிடக்கட்டும்.

பழகுவதற்கு டென்னிஸ் பந்து வேண்டாம், குதித்து ஓடும். துணியில் கேழ்வரகு நிரப்பித் தைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலை நல்லது, வெயில் ஏறிக் கடற்காற்று வீச ஆரம்பித்தால் உயர வீசும் பந்தெல்லாம் ஒதுங்கிப்போகும்.

மண்டபத்துக்குப் போனதும் முதலில் மேலே பாருங்கள். பந்து கூடக் கூட ஒவ்வொன்றும் காற்றில் அதிக நேரம் நிற்க வேண்டும்; இரண்டு மடங்கு நேரம் நிற்க வேண்டுமென்றால் நான்கு மடங்கு உயரம் போக வேண்டும். பூ அலங்காரமும் விளக்குக் கம்பியும் தொங்கும் மேடையில் அந்த உயரம் கிடைக்காது. ஐந்து பந்து வித்தையைப் பையிலேயே விட்டுவிடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அப்புறம் லைட்காரரிடம் நயமாகப் பேசி, முகத்துக்கு நேரே அடிக்கும் விளக்கைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பச் சொல்லுங்கள். வீடியோக்காரரிடம் சொல்லிப் பயனில்லை, அவர் நகரமாட்டார்.

இனி ஆப்பிள். இரண்டு பந்து, ஒரு ஆப்பிள், சுற்றிக்கொண்டே கடிப்பது. ஜக்லர்கள் இதை மட்டமாகப் பேசுவார்கள், எனக்கோ அன்றன்றைக்குச் சோறு போடுவது இதுதான். சின்னதாக, மாவாக இருக்கும் ஆப்பிளாகப் பாருங்கள். தோலில் மெழுகு இருக்கும், நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். முன்கூட்டியே ஓரிடத்தில் கடித்து வைத்தால் பல் வழுக்காது. ஆப்பிள் கைக்கு வருவதற்கு முந்தைய பந்தைச் சற்று உயர வீசுங்கள். அந்த இடைவெளியில் கை வாய்க்குப் போய்த் திரும்பிவிடும். முதல் கடியை வேண்டுமென்றே தவறவிட்டு மூக்கில் இடித்துக்கொள்ளுங்கள். சிரிப்பு அங்கேதான் தொடங்கும். விழுங்க அவசரப்படாதீர்கள், வாய் நிறைய வைத்துக்கொண்டு மாப்பிள்ளைக்கு வாழ்த்துச் சொல்லிப் பாருங்கள்!

பந்து விழும். விழுந்தால் முகம் சுளிக்க வேண்டாம், ஓடிக் குனியவும் வேண்டாம். மீதி இரண்டையும் ஒரே கையில் ஓட்டிக்கொண்டே, முன்வரிசைக் குழந்தையிடம் மற்ற கையை நீட்டி, "கண்ணா, மாமாவுக்கு அதைப் போடு பாக்கலாம்" என்று கேளுங்கள். குழந்தை கண்டபடி வீசும். அதைப் பிடித்து அப்படியே சுற்றில் சேர்த்தால் வரும் கைதட்டலை ஐந்து பந்துக்கு நான் கேட்டதில்லை. ஆனால் அது எங்கிருந்து வந்தாலும் பிடிக்க வேண்டுமானால், ஒற்றைக் கையில் இரண்டு பந்தை ஓட்டுவது வலது, இடது எந்தக் கையிலும் பேச்சு நிற்காமல் வர வேண்டும். கடற்கரைக்கு நண்பனைக் கூட்டிப்போய்த் தாறுமாறாக வீசச் சொல்லிப் பழகுங்கள்.

ஒரே வித்தை இரண்டு முறை விழுந்தால் மூன்றாவது முறை முயல வேண்டாம், அடுத்ததற்குப் போய்விடுங்கள். பேன்ட் பையில் உபரியாக ஒரு பந்து இருக்கட்டும். மணமக்கள் சோபாவுக்கு அடியில் உருண்டு போனதை ரிசப்ஷன் முடிந்த பிறகுதான் எடுக்க முடியும்.