புறநகர் மாலில் கடை எடுக்குமுன்: அந்த இடத்துக்கு ஆள் வருமா என்று கணக்குப் போடுவது எப்படி?

மால் கட்டுபவர் நீட்டும் விளக்கப் புத்தகத்தில் ஒரு வரைபடம் இருக்கும். மாலை நடுவில் வைத்து 5 கிலோமீட்டர் வட்டம், அதற்குள் இத்தனை லட்சம் பேர் என்று ஓர் எண். அதை நம்பி அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். சென்னை ஓ.எம்.ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) அப்படி ஒரு வட்டம் போட்டால் அதில் ஒரு பகுதி கடலிலேயே விழும். ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) குடியிருப்புகள் வட்டத்துக்குள் இருந்தாலும் நடுவில் பக்கிங்காம் கால்வாய் ஓடுகிறது. அதைக் கடக்கச் சோழிங்கநல்லூர்–அக்கரை, கேளம்பாக்கம்–கோவளம் போன்ற சில இணைப்புச் சாலைகள்தான் உண்டு. தாம்பரத்தில் ரயில் பாதை இதே வேலையைச் செய்கிறது: கிழக்குத் தாம்பரத்துக்காரருக்கு மேற்குத் தாம்பரம் வரைபடத்தில்தான் பக்கம்.

எனவே கிலோமீட்டரை விட்டு நிமிடத்தைப் பிடியுங்கள். சனிக்கிழமை மாலை ஆறரைக்கும், வார நாளில் ஒருநாள் ஏழரைக்கும் சுற்றியுள்ள குடியிருப்புகளிலிருந்து மாலுக்கு பைக்கிலும் காரிலும் வந்து பாருங்கள். வாசலை அடைந்த நேரம் கணக்கில்லை. வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே நுழைந்த நேரமே கணக்கு. 10, 20, 30 நிமிடத்தில் வந்து சேரக்கூடிய தெருக்களைத் தனித்தனி நிறத்தில் குறியுங்கள். வரும் உருவம் வட்டமாக இருக்காது. சாலையை ஒட்டி நீண்டும் பக்கவாட்டில் ஒடுங்கியும் இருக்கும்.

மால் சாலையின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. ஓ.எம்.ஆர். வடக்கு-தெற்காகப் போகிறது. நாவலூர், சிறுசேரிப் பக்கம் வீடு திரும்புகிறவருக்கு இடது கை கிழக்குப் பக்கம். ஐ.டி. அலுவலகம் முடிந்து வேளச்சேரி, திருவான்மியூர் போகிறவருக்கு அது மேற்கு. உங்கள் வாடிக்கையாளர் இவர்களில் யார் என்று முடிவு செய்யாமல் இந்தக் கேள்விக்கு விடை கிடையாது. எதிர்ப்பக்கம் போகிறவர் மாலைத் தாண்டிப் போய் யு-டர்ன் எடுத்துத் திரும்ப வேண்டும். மெட்ரோ ரயில் பணிக்காகச் சாலை குறுகிய இடங்களில் இன்னும் சிரமம்.

அந்த யு-டர்ன் எவ்வளவு பறிக்கும்? அமெரிக்கச் சந்தை ஆய்வாளர் டேவிட் ஹஃப் 1960களில் வகுத்த சூத்திரம் இதற்கு உதவும். ஒவ்வொரு மாலின் பரப்பையும் போய்ச் சேரும் நிமிடத்தின் வர்க்கத்தால் வகுத்து, வரும் எண்களை ஒப்பிட வேண்டும். ஒரு குடியிருப்பிலிருந்து உங்கள் மால் 3 லட்சம் சதுர அடி, 10 நிமிடம். பெரிய மால் 10 லட்சம் சதுர அடி, 25 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். 3ஐ 100ஆல் வகுத்தால் 0.03. 10ஐ 625ஆல் வகுத்தால் 0.016. இரண்டையும் கூட்டினால் 0.046; அதில் 0.03 உங்களுடையது. அதாவது அந்தக் குடியிருப்பிலிருந்து வருவோரில் உங்கள் பங்கு 65 சதவீதம். யு-டர்னும் பார்க்கிங் வரிசையும் சேர்ந்து 10 நிமிடம் கூடினால் 3ஐ 400ஆல் வகுக்க வேண்டும். பங்கு 32 சதவீதத்துக்கு இறங்கிவிடும். மக்கள்தொகை மாறவில்லை, மாலும் மாறவில்லை, பாதி ஆள் போய்விட்டது. ஒவ்வொரு குடியிருப்புக்கும் இதைத் தனித்தனியாகப் போடுங்கள். தென்சென்னைப் புறநகர் என்றால் 2013இல் திறந்த வேளச்சேரி பீனிக்ஸ் மாலை விட்டுவிட்டுப் போடும் கணக்கு செல்லாது. பட்டும் நகையும் விற்பவர் தி.நகரையும் ஒரு போட்டியாகச் சேர்க்க வேண்டும்; கல்யாணக் கொள்முதலுக்கு மக்கள் தூரம் பார்ப்பதில்லை.

வீடுகளை எண்ணுவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கு இந்தப் பகுதிகளுக்கு மிகப் பழையது. கட்டிய ஃபிளாட் எல்லாம் குடியிருக்கும் ஃபிளாட் அல்ல. முதலீட்டுக்கு வாங்கிப் பூட்டி வைத்தவை நிறைய. இரவு எட்டரை மணிக்கு விளக்கு எரியும் ஜன்னல்களை எண்ணுங்கள், பால் முகவரிடம் காலையில் எத்தனை வீட்டுக்குப் பாக்கெட் போகிறது என்று கேளுங்கள். வாக்காளர் பட்டியல் உதவும், ஆனால் வாடகைக்கு இருப்பவர்களின் பெயர் பெரும்பாலும் சொந்த ஊரில் இருக்கும். ஐ.டி. ஊழியர்களைத் தனியாக எண்ணுங்கள். அவர்கள் மதியச் சாப்பாட்டுக்கும் மாலைக் காபிக்கும் வருவார்கள், அதுவும் அலுவலகம் வரும் நாளில் மட்டும். சனி, ஞாயிறு துணிக்கடையை அவர்களால் நிரப்ப முடியாது.

இனி உங்கள் கடைக்கு எத்தனை பேர் வேண்டும் என்று பின்னோக்கிப் போடுங்கள். கார்ப்பெட் ஏரியா (கடைக்குள் உண்மையில் பயன்படும் தரை) 500 சதுர அடி என்றால் வாடகை போடும் பரப்பு 900 ஆகக்கூட இருக்கலாம். சதுர அடிக்கு 90 ரூபாய் வாடகை, 20 ரூபாய் பராமரிப்பு என்றால் மாதம் 99,000. துணிக்கடையில் இது விற்பனையில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது. அப்படியானால் மாத விற்பனை 7,92,000 வேண்டும். சராசரி பில் 1,200 ரூபாய் என்றால் நாளுக்கு 22 பில். உள்ளே வருவோரில் ஐந்தில் ஒருவர் வாங்கினால் 110 பேர் நுழைய வேண்டும். மாலுக்கு வரும் நூறு பேரில் மூவர் உங்கள் கடைக்குள் வருவதாக வைத்தால், மாலுக்குத் தினமும் ஏறத்தாழ 3,700 பேர் வர வேண்டும். வாடகை மீதான 18 சதவீத ஜி.எஸ்.டி.யை இதில் சேர்க்கவில்லை. காம்போசிஷன் திட்டத்தில் (சிறு வணிகர் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் முறை) இருப்பவருக்கும் 5 சதவீத வரி போடும் உணவகத்துக்கும் அந்த வரி திரும்பக் கிடைக்காது. அவர்கள் அதையும் செலவில் ஏற்ற வேண்டும்.

இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, ஏற்கெனவே ஓடும் ஒரு புறநகர் மாலின் வாசலில் மணிக்குக் கால் மணி நேரம் நின்று எண்ணுங்கள். உள்ளே போகிறவரைவிட, கையில் பையோடு வெளியே வருகிறவரே முக்கியம். ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளிக்கு முந்தைய வாரங்களிலும் எண்ணாதீர்கள், பிப்ரவரியில் எண்ணுங்கள். நவம்பர் மழையில் ஒருமுறை போய் அணுகுசாலையில் தண்ணீர் எவ்வளவு நேரம் நிற்கிறது என்றும் பாருங்கள்.

கணக்கு தேறினாலும் ஒப்பந்தத்தில் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். ஆளை இழுப்பவை மல்டிபிளக்ஸும் சூப்பர் மார்க்கெட்டும்தான். தியேட்டருக்கு உரிமம் தாமதமானால் மற்ற கடைகள் வெறும் நடைபாதையைப் பார்த்துக்கொண்டு வாடகை கட்ட நேரும். அவை இரண்டும் திறந்து, மொத்தக் கடைகளில் குறைந்தது 70 சதவீதம் இயங்கத் தொடங்கிய நாளிலிருந்துதான் முழு வாடகை, அதுவரை விற்பனையில் ஒரு பங்கு மட்டும் என்று எழுதி வாங்குங்கள். அதற்கு மறுத்தால், வாடகையைக் குறைத்துத் தருவதாகச் சொன்னாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.