கறிவேப்பிலைச் செடியிலிருந்து தொடங்குங்கள்: வீட்டைச் சுற்றியுள்ள உயிர்களைக் கவனிக்க ஒரு செய்முறை

காட்டுயிர் பார்ப்பதென்றால் முதுமலைக்கோ வேடந்தாங்கலுக்கோ போக வேண்டும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். போகலாம், தவறில்லை. ஆனால் ஒரு நாள் ஜீப்பில் சுற்றி, புதருக்குள் மறையும் யானையின் பின்புறத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவரைவிட, வாசலில் உள்ள ஒரு செடியை ஒரு மாதம் விடாமல் பார்க்கிறவருக்குத் தெரியவருவது அதிகம். தோட்டம் வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அடுக்குமாடி வீட்டில் ஒரு தொட்டி, ஒரு சுவர், ஒரு விளக்கு இருந்தால் போதும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலில் கேட்பது ‘இதன் பெயர் என்ன?’ என்பதைத்தான். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். இது என்ன செய்கிறது, எதைத் தின்கிறது, இதை எது தின்கிறது என்று முதலில் பாருங்கள். பெயர் தெரிந்த கையோடு ‘சரி, அவ்வளவுதான்’ என்று நகர்ந்துவிடுவது நம் சுபாவம்.

படி 1: ஒரே இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்

தெருவெல்லாம் அலைய வேண்டாம். ஒரு செடியைத் தேர்ந்தெடுங்கள். கறிவேப்பிலை முதல் தரம், எலுமிச்சையும் அப்படியே. வேலியோரம் எருக்கு முளைத்திருந்தால் பிடுங்காதீர்கள், வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி அதில்தான் முட்டையிடும். அரளி இருந்தால் வெண்புள்ளிக் கருப்பன் வரும். அதன் கூட்டுப்புழு வெள்ளி முலாம் பூசியதுபோல் இலையடியில் தொங்குவதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

ஒரே ஒரு நிபந்தனை: தேர்ந்தெடுத்த செடிக்குப் பூச்சிமருந்து அடிக்கக் கூடாது. வேப்பெண்ணெய்க் கரைசலையும் கொஞ்ச நாள் நிறுத்திவையுங்கள்.

படி 2: சாமான்கள்

ஒரு நோட்டு, ஒரு பென்சில், கையில் இருக்கும் செல்பேசி, ஒரு டார்ச். இவற்றோடு பத்து மடங்கு பெரிதாக்கும் சிறிய மடக்கு லென்ஸ் ஒன்று வாங்கினால் நல்லது. நகைக் கடைக்காரர்கள் பயன்படுத்துவது அதுதான். லென்ஸைப் பூச்சியின் அருகே நீட்டிப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கண்ணை ஒட்டி லென்ஸைப் பிடித்து, இலையையோ உங்கள் முகத்தையோ நகர்த்தித் தெளிவுக்குக் கொண்டுவர வேண்டும். விலை உயர்ந்த கேமரா இப்போதைக்குத் தேவையில்லை.

படி 3: நேரம்

பறவைகளுக்கு விடிகாலை. வண்ணத்துப்பூச்சிகளுக்கு வெயில் ஏறி உடல் சூடான பிறகு, ஏறக்குறைய எட்டு மணியிலிருந்து பதினொன்று வரை. சிலந்திக்கும் அந்துப்பூச்சிக்கும் இரவு. தினமும் காலையில் கால் மணி நேரம், இரவில் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். உங்கள் நிழல் செடிமேல் விழாதபடி நில்லுங்கள். நிழல் விழுந்ததும் பாதிப் பூச்சிகள் பறந்துவிடும்.

படி 4: இலையைப் புரட்டுங்கள்

வேலையின் சாரம் இங்கேதான் இருக்கிறது. கறிவேப்பிலையைச் சுற்றி ஒரு வண்ணத்துப்பூச்சி உட்காரவும் மாட்டாமல் போகவும் மாட்டாமல் படபடத்துக்கொண்டிருந்தால், அது பெரும்பாலும் முட்டையிட வந்த பெண். பூவைத் தேடும் பூச்சி அப்படி அலையாது. முட்டையிட வந்த பெண் முன்னங்கால்களால் இலையைத் தட்டிப் பார்க்கும். கால் நுனியிலேயே அதற்குச் சுவை தெரியும். சரியான செடிதான் என்று தெரிந்ததும் வயிற்று நுனியை ஒரு கணம் வளைத்து, கொழுந்து இலையில் ஒரே ஒரு முட்டையை ஒட்டிவிட்டு அடுத்த கிளைக்குப் போய்விடும். குண்டூசித் தலையளவில், வெளிர் மஞ்சளாக, உருண்டையாக இருக்கும் அந்த முட்டையைத் தேடி நோட்டில் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சில நாளில் புழு வெளிவரும். வந்ததும் தன் முட்டை ஓட்டைத் தின்னும். அடுத்த சில நாள்கள் அது பழுப்பும் வெள்ளையும் கலந்து, அச்சு அசலாகப் பறவை எச்சமாகத் தெரியும். ஒளிந்துகொள்ளாது, இலையின் மேல்புறத்திலேயே வெட்டவெளியில் கிடக்கும். எச்சத்தைக் கொத்த எந்தக் குருவி வரும்? வளர்ந்து கடைசியாகத் தோலுரிக்கும்போது எச்ச வேடம் கலைந்து, இலைப்பச்சை நிறத்துக்கு மாறிவிடும். அந்தப் பருவத்தில் ஒரு புல்லின் நுனியால் மெல்லத் தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் கவைபோல ஓர் உறுப்பு வெளியே நீளும், குப்பென்று ஒரு வாடை வரும். எறும்புகளை விரட்டும் ஏற்பாடு அது. ஒருமுறை பார்த்தால் போதும், வேடிக்கைக்காகத் திரும்பத் திரும்பத் தொடாதீர்கள்.

பச்சை இலையில் பச்சைப் புழுவைக் கண்டுபிடிப்பது கடினம். அதனால் புழுவைத் தேடாமல் அதன் கழிவைத் தேடுங்கள். கீழ் இலைகளிலோ தொட்டி மண்ணிலோ கரும்பச்சை உருண்டைகள் கிடந்தால், நேர் மேலே அண்ணாந்து பாருங்கள். ஆள் அங்கே இருப்பான்.

ஒரு நாள் புழு காணாமல் போய்விடும். குருவி கொண்டுபோயிருக்கலாம், கூடுகட்ட இடம் தேடிப் போயிருக்கவும் கூடும். தொட்டியின் விளிம்பு, பக்கத்துச் செடியின் தண்டு, ஜன்னல் கம்பி எல்லாவற்றையும் பாருங்கள். வால் நுனியை ஒட்டவைத்து, இடுப்பில் ஒரு பட்டு நூலைச் சுற்றிக்கொண்டு சாய்ந்து நிற்கும். கூட்டுப்புழுவின் நிறம் பச்சையாகவோ பழுப்பாகவோ அந்த இடத்துக்கு ஏற்றபடி அமையும். ஒன்றரை வாரம் போல ஆனதும் காலை வேளையில் கவனியுங்கள். வெளிவந்த பூச்சியின் பின்னிறகில் வால் இருந்தால் கறிவேப்பிலை அழகி, இல்லாவிட்டால் எலுமிச்சை அழகி. சில சமயம் வண்ணத்துப்பூச்சிக்குப் பதிலாகக் கூட்டில் பொடி ஓட்டை விழுந்து குட்டிக் குளவிகள் வரிசையாக வெளிவரும். வருத்தப்பட ஒன்றுமில்லை. இப்படிப்பட்ட குளவிகள் இல்லாவிட்டால் சாம்பாருக்கு ஒரு இலை மிஞ்சாது.

சாம்பார் என்றதும் நினைவுக்கு வருகிறது: ‘இலையெல்லாம் புழுவுக்கே போகிறதே’ என்று வீட்டில் முணுமுணுப்பு வரும். வளர்ந்த மரம் தாங்கும். சிறிய தொட்டிச் செடியை நாலைந்து புழுக்கள் மொட்டையடித்துவிடும் என்பதும் உண்மை. கீழ்க்கிளைகள் அவற்றுக்கு, மேல்கிளைகள் சமையலுக்கு என்று பாகம் பிரித்துக்கொள்ளுங்கள். டப்பாவில் வைத்து வளர்ப்பதானால் சந்தையில் வாங்கிய இலையைப் போடாதீர்கள். அதில் மருந்து மிச்சம் இருந்தால் புழு செத்துவிடும்.

அதே செடியின் கொழுந்துகளையும் லென்ஸில் பாருங்கள். சாறு உறிஞ்சும் பொடிப் பூச்சிகளான அசுவினிகளின் கூட்டம் இருக்கும், அவற்றின் இனிப்புக் கழிவை நக்க எறும்புகள் வந்துபோகும், அசுவினியைத் தின்னப் பொறிவண்டு வரும். பொறிவண்டை எறும்பு என்ன செய்கிறது என்று பார்த்து எழுதுங்கள். முதுகில் குப்பையைச் சுமந்துகொண்டு ஏதோ ஒன்று நகர்ந்தால் தட்டிவிடாதீர்கள். அது கண்ணாடி இறக்கைப் பூச்சி இனத்தின் புழு. தான் உறிஞ்சித் தீர்த்த பூச்சிகளின் சக்கையை முதுகில் ஏற்றிக்கொண்டு, அந்த மறைவில் அடுத்த வேட்டைக்குப் போகிறது.

படி 5: சுவரையும் விடாதீர்கள்

குளியலறைச் சுவரில் சாம்பல் நிறத்தில், வெள்ளரி விதையைப் போலத் தட்டையாக ஒன்று ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அழுக்கு என்று துடைப்பத்தால் தட்டிவிடுவது வழக்கம். இனி கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள். ஒரு முனையிலிருந்து சிறு தலை வெளியே வரும், கால்கள் சுவரைப் பற்றும், உறையை ஓர் இழுப்பு இழுத்து நகரும். அது ஓர் அந்துப்பூச்சியின் புழு. தன் பட்டு நூலில் மணலையும் தூசியையும் ஒட்டி அந்த உறையைச் செய்துகொள்கிறது. உறைக்கு இரு பக்கமும் வாசல் உண்டு. உள்ளேயே திரும்பி மறுமுனையில் தலை நீட்டும். பழைய சிலந்தி வலை, உதிர்ந்த முடி, செத்த பூச்சி இவைதான் அதன் ஆகாரம்.

வலை கட்டாமல் சுவரில் நடமாடும் சிறிய குதிக்கும் சிலந்திக்கு எட்டுக் கண்கள். முன்னால் உள்ள இரண்டும் பெரியவை. நீங்கள் அசைந்தால் உங்கள் பக்கம் திரும்பிப் பார்க்கும். ஈயின்மேல் பாய்வதற்கு முன் சுவரில் ஒரு நூலை ஒட்டிவிட்டுத்தான் பாயும். தவறினாலும் கீழே விழாது. அதன் எதிரில் சிறு கண்ணாடியை வைத்துப் பாருங்கள். ஆணாக இருந்தால் பிம்பத்தை எதிராளி என்று நினைத்து முன்கால்களை உயர்த்திச் சண்டைக்கு நிற்கும்.

வீட்டில் குளவி மண்கூடு கட்டினால் பிள்ளை பிறக்கும் என்பார்கள். நிச்சயம் பிறக்கும், குளவிப் பிள்ளை. புழுவைக் கொட்டிக் கொட்டியே குளவி தன் இனமாக்கிவிடும் என்பதும் பழைய நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்குப் பின்னால் நல்ல கவனிப்பு இருக்கிறது: கூட்டுக்குள் பச்சைப் புழு போவதையும், பின்னர் குளவி வெளிவருவதையும் கண்ணால் பார்த்தவர்கள்தான் இதைச் சொல்லியிருக்கிறார்கள். நடுவில் நடப்பதுதான் தெரியவில்லை. கொட்டப்பட்ட புழு சாகாமல் அசைவற்றுக் கிடக்கும்; குளவி வைத்த முட்டையிலிருந்து வரும் குஞ்சு அதைத் தின்று வளரும். சில இனங்கள் புழுவுக்குப் பதிலாகச் சிலந்திகளை அடைத்துவைக்கும். எதைத் தூக்கி வருகிறது என்று பார்த்தாலே எந்த வகை என்று பாதி தெரிந்துவிடும். மண்கூடு கட்டும் தனிக்குளவி கூட்டைக் காக்க நம்மைத் துரத்துவதில்லை. கூட்டமாக வாழும் கதண்டுக் குளவியின் கூடு அப்படியல்ல. அதன் பக்கமே போகாதீர்கள்.

படி 6: இரவில் ஒரு வெள்ளை வேட்டி

மொட்டை மாடியிலோ பால்கனியிலோ வெள்ளை வேட்டியைக் கட்டி, அதன்மேல் ஒளி விழும்படி பல்பு போடுங்கள். நிலவில்லாத, புழுக்கமான இரவு சிறந்தது; மழை விட்ட மறுநாள் இன்னும் நல்லது. ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு விளக்கை அணைத்துவிடுங்கள். விடியும்வரை எரியவிட்டால், காலையில் கரிச்சானுக்கும் மைனாவுக்கும் விருந்து வைத்ததாகிவிடும்.

மழைக்காலத்தில் விளக்குக்கு வரும் ஒரு பூச்சியிடம் மட்டும் ஜாக்கிரதை. ஆரஞ்சும் கறுப்பும் மாறி மாறி, ஒரு சென்டிமீட்டருக்குள் ஒல்லியாக இருக்கும். ஆசிட் பூச்சி என்பார்கள். கடிக்காது, ஆனால் தோலில் வைத்து நசுக்கினால் அதன் உடல் நீர் பட்டுக் கொப்புளம் வரும். ஊதித் தள்ளிவிடுங்கள், பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். முருங்கை மரத்தில் அப்பியிருக்கும் கம்பளிப்பூச்சிகளையும் தொடாதீர்கள். இரவில் தோட்டத்தில் இறங்கும்போது காலில் செருப்பும் கையில் டார்ச்சும் கட்டாயம். கல்லைக் கையால் புரட்டக் கூடாது, குச்சியால் மட்டும். பாம்பைக் கண்டால் படம் எடுக்கக் கிட்டே போகாமல் விலகி நில்லுங்கள்.

படி 7: படமும் பெயரும்

ஒரே பூச்சியை மேலிருந்து, பக்கவாட்டில், முகத்துக்கு நேராக என்று மூன்று கோணங்களில் எடுங்கள். அது இருந்த செடியையும் ஒரு படம் எடுங்கள். பல பூச்சிகளைச் செடியை வைத்துத்தான் அடையாளம் காண முடியும். பிறகு கால்களை எண்ணுங்கள். ஆறு என்றால் பூச்சி, எட்டு என்றால் சிலந்தியின் உறவு. உடல் வளையத்துக்கு ஒரு ஜோடி கால் இருந்தால் பூரான், இரண்டு ஜோடி இருந்தால் மரவட்டை. மாமரத்தில் முசுறு எறும்புகளோடு சேர்ந்து திரியும் ஒரு ‘எறும்பு’க்கு எட்டுக் கால் இருந்தால் சந்தோஷப்படுங்கள்; எறும்பு வேடம் போட்ட சிலந்தி அது.

ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் படத்தை ஏற்றினால் செயலி ஒரு பெயரைச் சொல்லும், விஷயம் தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்துவார்கள். செயலி சொன்னதை அப்படியே நம்பாதீர்கள். வீட்டு முகவரி வெளியே தெரியாதபடி இடத்தை மறைக்கும் வசதியும் அதில் உண்டு. பறவைக் குரலுக்கு மெர்லின் செயலி உதவும். ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும். பிப்ரவரியில் உலகம் முழுவதும் நான்கு நாள் நடக்கும் கொல்லைப்புறப் பறவைகள் கணக்கெடுப்பில் ஒரே இடத்தில் பதினைந்து நிமிடம் நின்று எண்ணினாலே சேர்த்துக்கொள்வார்கள்.

படி 8: பழமொழியைச் சோதியுங்கள்

நோட்டில் தேதி, மணி, வெயிலா மேகமா, எந்தச் செடி, என்ன செய்தது என்று ஐந்தும் இருக்க வேண்டும். கொஞ்ச நாள் பழகியதும் அந்த நோட்டுக்கு ஒரு வேலை கொடுங்கள். தட்டான் தாழப் பறந்தால் மழை என்றும், எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு திட்டை ஏறினால் மழை என்றும் சொல்லிவருகிறோம். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள்: தட்டான் எந்த உயரத்தில் பறந்தது, அடுத்த ஒரு நாளுக்குள் மழை வந்ததா. தாழப் பறந்தும் மழை வராத நாள்களையும், தட்டானே இல்லாமல் கொட்டித் தீர்த்த நாள்களையும் சேர்த்தே எழுத வேண்டும். பலித்த நாள்களை மட்டும் எழுதிக்கொண்டே போனால் எந்தப் பழமொழியும் தோற்காது.