ஓய்வுக்கு வருடம் எவ்வளவு சேர்க்க வேண்டும்? ஒரு கொப்பியும் கல்குலேட்டரும் போதும்

ஒரு ஞாயிறு மத்தியானம் கொழும்பு கொட்டாஞ்சேனையில் மச்சான் வீட்டில் போட்ட கணக்கு இது. அவனுக்கு வயது 35, ஓய்வு 60-இல். உங்கள் எண்களை மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

படி 1: செலவு
மூன்று மாத பில்களை எடுத்து வையுங்கள். மனக்கணக்கை நம்பவே கூடாது. மச்சான் "எழுபதாயிரம் போகும்" என்றான். வாடகை, லைட் பில், மீன், மருந்து என்று எழுதிக் கூட்டினால் 115,000 வந்தது. வயதான காலத்தில் டியூஷன் காசு இருக்காது, மருந்து கூடும். கூட்டிக் கழித்து 100,000 என்று வைத்தோம். வருடத்துக்கு 12 இலட்சம்.

படி 2: எத்தனை வருடம்
80 வயது வரை என்றால் 20 வருடம். 12 × 20 = 240 இலட்சம். அவனுடைய அப்பம்மா தொண்ணூறைத் தாண்டியவர் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

படி 3: விலையேற்றம்
எல்லாவற்றையும் இன்றைய ரூபாயிலேயே போடுங்கள். 2022 செப்டம்பரில் கொழும்பில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது மறந்திருக்காது. ஆகவே வங்கி வட்டியை அப்படியே எடுக்காமல், விலையேற்றம் போக மிஞ்சுவது 2 சதவீதம் என்று வைத்தோம்.

படி 4: ஈ.பீ.எஃப். (ஊழியர் சேமலாப நிதி)
சம்பளம் 150,000. அவன் பங்கு 8, கம்பனி 12, மொத்தம் 20 சதவீதம்: வருடம் 3.6 இலட்சம். ஓவர்டைமைச் சேர்க்காதீர்கள், அதற்கு ஈ.பீ.எஃப். கிடையாது.

இப்போது கல்குலேட்டரில் 1-ஐ 1.02-ஆல் 25 தடவை பெருக்குங்கள் (35-இலிருந்து 60 வரை 25 வருடம், வருடம் 2 சதவீதம்): 1.64. அதில் 1-ஐக் கழித்து 0.02-ஆல் வகுத்தால் 32. அதாவது வருடம் ஒரு ரூபாய் போட்டால் கடைசியில் 32 ரூபாய். 3.6 × 32 = 115. அவனுடைய ஈ.பீ.எஃப். கணக்கில் ஏற்கெனவே உள்ள 15 இலட்சத்தை 1.64-ஆல் பெருக்கினால் 25. ஆக 140 இலட்சம். ஈ.டீ.எஃப்.-ஐ (ஊழியர் நம்பிக்கை நிதி) அவசரத்துக்கு என்று விட்டுவிட்டோம்.

படி 5: பள்ளம்
240 − 140 = 100 இலட்சம். அதை 32-ஆல் வகுத்தால் வருடம் 3.1 இலட்சம், மாதம் ஏறக்குறைய 26,000. விலை ஏற ஏற இதையும் ஏற்ற வேண்டும்; 5 சதவீதம் ஏறினால் அடுத்த வருடம் 27,300.

மச்சான் முகம் சுருங்கிவிட்டது. சரி, 63 வரை உழைத்தால்? மறுபடி போட்டோம்: மாதம் 10,000 போதும்! சேர்க்கும் வருடம் கூடுகிறது, செலவழிக்கும் வருடம் குறைகிறது. ஆனால் 2021-இல் வந்த சட்டப்படி தனியார் துறையில் அவனுக்கு ஓய்வு வயது 60. அதற்கு மேல் வைத்திருப்பது முதலாளியின் விருப்பம். அதனால் இப்போதைக்கு 15,000-இல் தொடங்கியிருக்கிறான்.