டர்பன் கரையிலிருந்து திமிங்கலம் பார்க்கும் முறை

திமிங்கலம் பார்க்கப் படகு ஏறித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. உயரமான இடமும் ஒரு பைனாகுலரும் ஒரு மணி நேரப் பொறுமையும் இருந்தால் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கரையிலிருந்தே பார்க்கலாம். குழந்தைகளை முதலில் கரைக்குக் கூட்டிப் போங்கள், படகு பிறகு இருக்கட்டும்.

அண்டார்க்டிக் கடலில் இரை தின்று கொழுத்த கூன்முதுகுத் திமிங்கலங்கள், குட்டி போட மொசாம்பிக் பக்கத்து வெதுவெதுப்பான கடலுக்கு நம் கரையை ஒட்டியே போகின்றன. ஆனி, ஆடியில் வடக்கே போகும். புரட்டாசி, ஐப்பசியில் குட்டிகளோடு தெற்கே திரும்பும். மாரியம்மன் கோயில்களில் கூழ் ஊற்றும் நாட்கள் வடக்கே போகும் கூட்டத்தைப் பார்க்க ஏற்றவை.

இடத்துக்கு உயரம்தான் முக்கியம். கடற்கரை மணலில் நின்றால் அடிவானம் சுமார் 5 கிலோமீட்டர்தான். 30 மீட்டர் மேட்டில் ஏறினால் 19 கிலோமீட்டருக்கு மேல். டர்பனின் பிளஃப் மேடு, அதற்கு வடக்கே உள்ள உம்ஷ்லாங்கா, பாலிட்டோ ஊர்களின் உயரமான பகுதிகள் எல்லாம் உதவும். வடக்கே செயின்ட் லூசியாவைத் தாண்டிப் போகிறவர்களுக்குக் கேப் விடாலில் இதற்கென்றே ஒரு மேடை இருக்கிறது. பிளஃப்பின் கடலோரத்தில்தான் 1975 வரை திமிங்கல வேட்டை நிலையம் இயங்கியது. அதே கடலில் இன்று அவை உயிரோடு போவதைப் பிள்ளைகளுக்குக் காட்டுவது நல்ல பாடம்.

நம் கடல் கிழக்கே இருப்பதால் விடிந்ததும் வெயில் கண்ணில் அடிக்கும், நீர் மினுங்கி எதையும் மறைத்துவிடும். இங்கே குளிர்காலமான ஆனி, ஆடியில் சூரியன் கொஞ்சம் ஏறிய பிறகு, காற்று கிளம்புவதற்கு முன், 9 முதல் 11 மணிக்குள் பார்ப்பது நல்லது. மதியத்துக்கு மேல் வெயில் முதுகுப் பக்கம் போய்விடும். ஆனால் பல நாட்களில் காற்றும் வலுத்துவிடும். கடல் முழுக்க வெள்ளை நுரை தெரிந்தால் அன்றைக்கு வீடு திரும்பலாம்.

பலரும் தவறுவது தேடுவதில். எடுத்த எடுப்பிலேயே பைனாகுலரைக் கண்ணில் வைக்காதீர்கள். 8 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 8x42 பைனாகுலரில் ஒரு கிலோமீட்டர் தொலைவில் சுமார் 130 மீட்டர் அகலம் மட்டுமே தெரியும். முதலில் வெறும் கண்ணால் இடமிருந்து வலமாக மெதுவாகத் துழாவுங்கள். தேட வேண்டியது உடலை அல்ல, மூச்சை, அதாவது மூச்சுவிடும்போது வெண்புகை போல எழும் நீர்த்துளிகளை. கூன்முதுகின் மூச்சு சுமார் 3 மீட்டர் உயரப் புதர் போல எழும்பி, சில விநாடி நின்று, காற்றில் சாய்ந்து கலையும். அலை நுரை அப்படி நிற்காது. பக்கவாட்டில் பரவி அடங்கிவிடும். மூச்சு தெரிந்ததும் அதற்கு நேராகக் கரையில் ஒரு பாறையையோ கம்பத்தையோ அடையாளம் வைத்துக்கொண்டு, அதன் பிறகு பைனாகுலரை எடுங்கள்.

திமிங்கலம் சில தடவை மூச்சுவிட்டு, முதுகை வளைத்து, வாலைத் தூக்கி மூழ்கும். அடுத்து எழ 5 முதல் 15 நிமிடம் ஆகலாம். மூழ்கிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் ஏமாற்றம்தான். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகம் என்றாலும் 10 நிமிடத்தில் 800 மீட்டர் நகர்ந்திருக்கும். கடலைப் பார்த்து நின்றால் வடக்கு நமக்கு இடப்பக்கம். ஆகவே ஆடியில் இடப்பக்கமும் ஐப்பசியில் வலப்பக்கமும் தேடுங்கள்.

முதுகுத் துடுப்பே இல்லாமல், மூச்சு இரண்டாகப் பிரிந்து எழுந்தால், தலையில் தடித்த வெள்ளைத் திட்டுகளும் இருந்தால், அது கூன்முதுகு அல்ல, சதர்ன் ரைட் என்ற வேறு திமிங்கல இனம். அவற்றுக்குச் சரியான இடம் கேப் டவுன் பக்கத்து ஹெர்மானஸ் ஊர். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை பாறைமேட்டிலிருந்தே மிக அருகில் தெரியும்.

படகில் போவதானால், காசு கட்டும் முன் அரசு அனுமதி உண்டா என்று கேளுங்கள். அனுமதியுள்ள படகு 50 மீட்டர் வரை நெருங்கலாம். மற்ற எல்லாப் படகும் 300 மீட்டர் தள்ளியே நிற்க வேண்டும். தாயும் குட்டியுமாக இருந்தால் அனுமதிப் படகும் நெருங்கக் கூடாது. அனுமதி இல்லாமல் ட்ரோன் பறக்கவிடுவதும் குற்றம். இன்னும் பக்கத்தில் போகச் சொல்லிப் படகோட்டியை நச்சரிக்காதீர்கள். விதியை மீற வைப்பது பெரும்பாலும் பயணிகள்தான். திமிங்கலம் அடிக்கடி திசை மாற்றினாலோ வாலால் நீரை ஓங்கி அறைந்தாலோ படகை விலக்கச் சொல்லுங்கள். குமட்டல் மாத்திரையைக் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். குமட்டல் வந்தபின் போட்டால் பயன் குறைவு.

திமிங்கலங்களின் பாதுகாப்புக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி, வாலின் அடிப்பக்கத்தைப் படமெடுப்பது. அங்குள்ள கறுப்பு வெள்ளைக் கோலமும் ஓரத்துப் பிசிறும் திமிங்கலத்துக்குத் திமிங்கலம் வேறுபடும். முதுகு உயரமாக வளைந்ததுமே தொடர்ச்சியாகச் சொடுக்கத் தொடங்குங்கள். வால் மேலே நிற்பது ஓரிரு விநாடிதான். ஷட்டர் வேகம் 1/1000 அல்லது அதற்கு மேல், லென்ஸ் 300 மில்லிமீட்டர் இருந்தால் நல்லது. பக்கவாட்டில் எடுத்த படம் அடையாளத்துக்கு உதவாது, நேர் பின்னாலிருந்து எடுத்ததே உதவும். கேமராவின் தேதி, மணியை முன்பே சரிசெய்து, இடத்தையும் குறித்து, வால் படங்களை ஒப்பிட்டுத் திமிங்கலங்களை அடையாளம் காணும் ஹேப்பிவேல் (Happywhale) இணையதளத்தில் ஏற்றுங்கள். அதே வால் வேறு கடலில் பதிவாகியிருந்தால் அது எங்கிருந்து எங்கே போகிறது என்பது ஆய்வாளர்களுக்குத் தெரியவரும்.

கயிறோ வலையோ சுற்றிய திமிங்கலத்தைக் கண்டால் அறுக்கப் போகாதீர்கள். நீரில் இறங்கினால் கயிறு உங்களையும் சுற்றிக்கொள்ளும். வெளியே மிதக்கும் கயிற்றை மட்டும் வெட்டிவிட்டால், உடலை இறுக்கியிருப்பது அப்படியே இருக்க, மீட்புக் குழு பிடிப்பதற்கு எதுவும் இல்லாமல் போகும். உடனே கடல் மீட்பு அமைப்பான என்எஸ்ஆர்ஐக்குத் தகவல் சொல்லுங்கள். 2006 முதல் இயங்கும் திமிங்கல வலைமீட்புக் குழுவை அவர்கள் அழைப்பார்கள். இடம், போகும் திசை, கயிற்றின் நிறம், மிதவைகளின் எண்ணிக்கை ஆகியவற்றைச் சொல்லுங்கள். முடிந்தால் 300 மீட்டர் தள்ளி நின்று, குழு வரும்வரை கண்ணிலிருந்து விடாதீர்கள்.