டீசல் இன்ஜினைப் பிரித்துக் கட்டும்போது போல்ட் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

100 மி.மீ. விட்டமுள்ள சிலிண்டரில் எரிப்பு அழுத்தம் 150 பார் அளவை எட்டும்போது, சிலிண்டரின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டை மேலே தள்ளும் விசை ஏறத்தாழ 12 டன் எடைக்குச் சமமாகிறது. அந்தத் தள்ளுதலை மீறி ஹெட்டையும், அதன் அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டையும், சிலிண்டர்கள் அமைந்த பிளாக்கோடு அழுத்திப் பிடித்திருப்பது, இறுக்கும்போது சிறிதளவு நீண்டுவிட்ட போல்ட் தன் பழைய நீளத்துக்குத் திரும்ப முயலும் இழுவிசைதான். டார்க் ரெஞ்ச் இந்த நீட்சியை அளப்பதில்லை. போல்ட்டைத் திருப்ப எவ்வளவு முறுக்குவிசை (டார்க்) தேவைப்பட்டது என்பதை மட்டுமே காட்டுகிறது. இறுக்குவதில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த வேறுபாட்டை மறப்பதால் வருபவை.

கொடுக்கும் முறுக்குவிசையில் சுமார் பாதி போல்ட் தலையின் அடிப்பரப்பு உராய்விலும், ஏறக்குறைய 40 சதவீதம் மரையின் உராய்விலும் செலவாகிவிட, பத்தில் ஒரு பங்கு அளவே போல்ட்டை நீட்டப் பயன்படுகிறது. ஆகவே உராய்வு சற்றே மாறினாலும் பிடிப்பு பெரிதும் மாறிவிடும். துருவும் பழைய சீலன்ட்டும் ஒட்டிய மரையில் ரெஞ்ச் சரியான அளவைக் காட்டும். போல்ட் மட்டும் வேண்டிய அளவு நீண்டிருக்காது. இன்ஜின் ஆயில் பூசச் சொன்ன இடத்தில் அதைவிட வழுக்கும், மாலிப்டினம் கலந்த பசையைப் பூசினாலோ, அதே டார்க்கில் போல்ட் அளவுக்கு மீறி நீளும். எதைப் பூசுவது, பூசலாமா கூடாதா என்பதைத் தயாரிப்பாளரின் சர்வீஸ் மேனுவலைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். ஆயில் பூசச் சொல்லியிருந்தால் மரையோடு நின்றுவிடாமல், தலையின் அடிப்பரப்புக்கும் பூச வேண்டுமா என்பதையும் பாருங்கள்; உராய்வின் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது.

அடி மூடிய துளையில் ஆயிலோ கூலன்ட்டோ தேங்கியிருப்பதைக் கவனிக்காமல் போல்ட்டை இறக்குவது மிகவும் ஆபத்தானது. திரவம் அழுந்திக் கொடுக்காது என்பதால், அந்த அழுத்தம் பிளாக்கையே விரிசல் விடச் செய்யலாம். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு ஒவ்வொரு துளையையும் காற்றடித்து உலர்த்துங்கள். மரையைச் சுத்தம் செய்ய, புது மரை வெட்டும் கருவியான டேப்பை விடுவதும் தவறு. அது அழுக்கோடு உலோகத்தையும் சீவி எடுத்து மரையைத் தளர்த்திவிடும். இதற்கென்றே உள்ள திரெட் சேஸரைப் பயன்படுத்த வேண்டும்.

கழற்றிய போல்ட்டை மறுபடியும் போடலாமா என்பதற்கு ஒரே பதில் கிடையாது. மீட்சி எல்லைக்குள் இறுக்கப்படும் போல்ட், கழற்றியதும் பழைய நீளத்துக்குத் திரும்பிவிடும். சேதம் இல்லாவிட்டால் அதைத் திரும்பப் போடலாம். ஆனால் பல இன்ஜின்களில் ஹெட் போல்ட்டையும், பிஸ்டனைக் கிராங்க்ஷாஃப்ட்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் போல்ட்டையும் முதலில் ஒரு குறைந்த டார்க்கிலும், பிறகு 90 டிகிரி போன்ற ஒரு கோண அளவிலும் இறுக்கி, வேண்டுமென்றே அந்த எல்லையைத் தாண்டச் செய்கிறார்கள். அப்படி நீண்ட போல்ட் நிரந்தரமாக நீண்டதுதான். சில தயாரிப்பாளர்கள் அதை ஒருமுறை மட்டுமே பயன்படுத்தச் சொல்கிறார்கள். சிலர் அதிகபட்ச நீளம் ஒன்றைக் கொடுத்து, அதற்குள் இருந்தால் அனுமதிக்கிறார்கள். நீள வரம்பு தரப்படாதபோது, கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது என்ற ஒரே காரணத்துக்காக அத்தகைய போல்ட்டைத் திரும்பப் போடுவதை நான் ஏற்க மாட்டேன். கேஸ்கெட் பிய்ந்து கசிந்துவிட்டால் மறுபடியும் பிரிக்கும் கூலியோடு ஒப்பிட்டால் ஒரு செட் போல்ட்டின் விலை சிறியது.

வரம்பு இருக்கும் இடத்திலும் நீளத்தோடு நிறுத்திவிடக் கூடாது. வெர்னியரால் போல்ட்டின் தண்டை மேலிருந்து கீழ்வரை பல இடங்களில் அளந்து, எங்காவது இடுப்பு விழுந்ததுபோல மெலிந்திருந்தால் ஒதுக்கிவிடுங்கள். பொருத்தமான நட்டை விரலாலேயே முழு மரையிலும் ஓட்டிப் பாருங்கள். ஓரிடத்தில் பிடித்தாலும் அங்கே மரை இழுபட்டிருக்கலாம். துருவால் குழி விழுந்த போல்ட் அளவில் சரியாக இருந்தாலும் ஆகாது, ஏனெனில் திரும்பத் திரும்ப வரும் சுமையால் உண்டாகும் களைப்பு விரிசல் அத்தகைய குழியிலிருந்தே தொடங்கும். பேரிங் இடைவெளியைச் சோதிக்கும் தற்காலிகப் பொருத்தலுக்கு, மேனுவல் அனுமதித்தால், பழைய போல்ட்டையே பயன்படுத்திவிட்டுப் புதியவற்றைக் கடைசிப் பொருத்தலுக்கு வைத்துக்கொள்வது நல்லது.

கனெக்டிங் ராட் போல்ட்டில் எந்தச் சலுகையும் கூடாது. எரிந்த வாயுவை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கின் முடிவில் பிஸ்டன் உச்சியில் நின்று திரும்பும்போது, அதை எதிர்த்துத் தள்ளும் அழுத்தம் இல்லாததால், பிஸ்டனையும் ராடையும் கீழே இழுக்கும் சுமை பெருமளவு இந்தப் போல்ட்டுகள் மீதே விழுகிறது. இங்கே ஒன்று அறுந்தால் ராட் பிளாக்கைத் துளைத்து வெளியே வரும். 10.9 என்று குறியிட்ட போல்ட்டின் இழுவலிமை சுமார் 1,000 மெகா பாஸ்கல், 8.8 குறியுள்ளதற்கு அது சுமார் 800 மட்டுமே. அளவும் மரையும் பொருந்துகின்றன என்பதற்காகப் பொதுப் போல்ட் ஒன்றை இந்த இடத்தில் போடக் கூடாது.

ஹெட்டை ஒரே வீச்சில் முழு டார்க்குக்குக் கொண்டு போகாமல், மேனுவலில் உள்ள வரிசைப்படி, பெரும்பாலும் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, பல கட்டங்களில் இறுக்க வேண்டும். கோணக் கட்டத்தை உத்தேசமாகச் செய்வது பரவலான தவறு. 1.5 மி.மீ. புரியிடைத் தூரமுள்ள போல்ட் 90 டிகிரி திரும்பினால், உராய்வு எப்படி இருந்தாலும் 0.375 மி.மீ. முன்னேறும், இந்த முறையின் துல்லியம் இதில்தான் இருக்கிறது. எனவே கோணமானியைப் பயன்படுத்துங்கள், அல்லது ஒவ்வொரு தலையிலும் பெயின்ட் குறி இட்டுக்கொள்ளுங்கள்; எது முடிந்தது, எது பாக்கி என்ற குழப்பமும் வராது.

ரெஞ்ச்சைச் சீராக, நிறுத்தாமல் இழுக்க வேண்டும்; பாதியில் நின்ற போல்ட்டை மீண்டும் அசைக்கக் கூடுதல் விசை தேவைப்படுவதால் அளவு தவறிவிடும். அலகையும் ஒருமுறை சரிபாருங்கள்: ஒரு கிலோகிராம் மீட்டர் என்பது 9.8 நியூட்டன் மீட்டர், ஒரு பவுண்டு அடி என்பது 1.36 நியூட்டன் மீட்டர். கிளிக் வகை ரெஞ்ச்சைப் போல்ட் கழற்றப் பயன்படுத்தாமல், வேலை முடிந்ததும் அதன் மிகக் குறைந்த அளவுக்குத் திருப்பி வைக்க வேண்டும்.

இன்ஜின் ஓடிச் சூடான பிறகு ஹெட்டை மறுபடியும் இறுக்குவது சில பழைய கேஸ்கெட் வகைகளுக்குத் தேவைப்பட்ட பழக்கம். கோண முறையில் இறுக்கிய போல்ட்டுக்கு, மேனுவல் சொன்னாலொழிய, அதைச் செய்யக் கூடாது; ஏற்கெனவே எல்லை தாண்டி நீண்ட போல்ட்டை அது இன்னும் நீட்டிவிடும்.