எல்லைக்கோட்டில் கை வைப்பதற்கு முன்

மெயில் சர்வரில் ஸ்பாமை வடிகட்டும் மென்பொருளான ஸ்பாம்அசாசின், ஒவ்வொரு மெயிலுக்கும் தன் விதிகளின்படி மதிப்பெண் போட்டு, மொத்தம் ஓர் எல்லையைத் தொட்டால் அதை ஸ்பாம் என்று குறிக்கும். ஸ்பாம் அதிகமாக வருகிறது என்றதும் பலர் முதலில் செய்வது, அந்த எல்லை மதிப்பெண்ணான 5-ஐ 3 ஆகக் குறைப்பது. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். அதனுடன் வரும் விதிகளின் மதிப்பெண்கள் 5-ஐ மனதில் வைத்தே அமைக்கப்பட்டவை. ஒரு ஸ்பாம் உள்ளே வந்தால் அழித்துவிடலாம். ஒருவருடைய நல்ல கடிதம் தொலைந்தால், அது தொலைந்ததே தெரியாது.

தப்பி வந்த ஸ்பாம் பத்தை எடுத்து, ஒவ்வொன்றின் ஹெடரிலும் (மெயிலுடன் மறைவாக வரும் தகவல் வரிகள்) எக்ஸ்-ஸ்பாம்-ஸ்டேட்டஸ் வரியைப் படியுங்கள். எந்த விதிகள் பிடித்தன, மொத்தம் எவ்வளவு என்று அதிலேயே இருக்கும். நான் முதலில் தேடுவது இரண்டு விஷயங்களை.

ஒன்று, பேயஸ் என்று தொடங்கும் விதிப் பெயர் இருக்கிறதா? நாம் கற்றுக்கொடுத்த மெயில்களை வைத்து ஸ்பாமைக் கணிக்கும் பகுதி அது. இல்லையென்றால் அது இன்னும் பழகவில்லை. குறைந்தது 200 ஸ்பாம், 200 நல்ல மெயில் கற்றுக்கொடுத்த பிறகுதான் அது வாயைத் திறக்கும். பலர் ஸ்பாமை மட்டும் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். நல்ல மெயிலும் கட்டாயம் வேண்டும். நன்றாகப் பழகிவிட்டால், ஏறக்குறைய நிச்சயம் ஸ்பாம்தான் என்று சொல்லும் பேயஸ்_99 ஒன்றே 3.5 போட்டுவிடும்.

இரண்டு, யூஆர்ஐபிஎல்_பிளாக்ட் என்று இருக்கிறதா? ஸ்பாமில் வரும் இணையதளங்களின் தடைப்பட்டியலை, எல்லோரும் பயன்படுத்தும் பொது டிஎன்எஸ் (இணையப் பெயர்களைத் தேடித் தரும் சேவை) வழியாகக் கேட்பதால், அது உங்களுக்குப் பதில் தர மறுக்கிறது என்று பொருள். சர்வரிலேயே அன்பவுண்ட் போன்ற ஒரு ரிசால்வரை (டிஎன்எஸ் கேள்விகளுக்குத் தானே பதில் தேடும் மென்பொருள்) நிறுவி, மெயில் சர்வரை அதனிடம் கேட்கச் சொல்லுங்கள். புதிதாக ஒரு விதிகூட எழுதாமலே பாதிப் பிரச்சினை இதில் தீர்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம்தான் சொந்த விதிகள். நான் ஒருமுறை சியாலிஸ் என்ற மருந்துப் பெயரைத் தலைப்பில் தேடும் விதி எழுதி 4 மதிப்பெண் கொடுத்தேன். ஆங்கிலத்தில் 'ஸ்பெஷலிஸ்ட்' என்று எழுதினால், நடுவில் அந்தப் பெயர் எழுத்து மாறாமல் உட்கார்ந்திருக்கிறது. ஒரு வேலை விண்ணப்பம் ஸ்பாம் பெட்டியில் நான்கு நாள் கிடந்தது. அதிலிருந்து, சொல் அங்கே தொடங்குகிறது, முடிகிறது என்று காட்டும் குறியை இரு முனையிலும் போடாமல் எந்த விதியும் எழுதுவதில்லை. புது விதிக்கு முதல் வாரம் 0.1 தான். மதிப்பெண் எழுத மறந்தால் அது தானாக 1 எடுத்துக்கொள்ளும், கவனம். அந்த வாரத்தில் எந்தெந்த மெயிலைப் பிடித்தது என்று பார்த்துவிட்டு 1, 1.5 என்று ஏற்றுகிறேன். தனியாக ஒரே விதி 5-ஐத் தொடும்படி விடவே மாட்டேன். இரண்டு மூன்று சின்ன அறிகுறிகள் சேர்ந்தால் மட்டும் மதிப்பெண் தரும் மெட்டா விதிதான் நம்பகமானது.

தெரிந்தவர்களை அனுமதிக்கும்போது வெறும் அனுப்புநர் முகவரியை நம்பாதீர்கள், அதை யாரும் போலியாகப் போடலாம். எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் (மெயில் உண்மையிலேயே அந்த டொமைனிலிருந்து வந்ததா என்று பார்க்கும் முறைகள்) சரிபார்த்த பிறகே அனுமதிக்கும் வெல்கம்லிஸ்ட்_ஆத் என்ற அமைப்பு இருக்கிறது. பழைய பதிப்புகளில் அதன் பெயர் வைட்லிஸ்ட்_ஆத்.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் விதிகளில் எழுத்துப் பிழை தேடும் லின்ட் சோதனை ஓட்டி, பிழை இல்லை என்றால் சேவையை மறுபடி தொடங்குங்கள். சரி, கடைசியாக, முன்பு தவறாகச் சிக்கிய நல்ல மெயில்களை ஒரு ஃபோல்டரில் வைத்திருந்து, அவற்றை மீண்டும் வடிகட்டி வழியாக அனுப்பிப் பாருங்கள். ஒன்று சிக்கினாலும் அன்றைய மாற்றத்தைத் திரும்ப எடுத்துவிடுங்கள்.